பால்மரமும் பலகையும்: மலேசிய ரப்பர் மரத் தொழிலின் வரலாறும் பொருளியலும்

தமிழகத்துச் சிற்றூரில் ஒருவர் மரம் வெட்டப் போகிறேன் என்று சொன்னால், அவர் கோடரியை எடுத்துச் சென்று மரத்தை வீழ்த்தப் போகிறார் என்று பொருள். மலேசியத் தோட்டப்புறத் தமிழில் அதே தொடருக்குப் பொருள் வேறு. விடியற்காலையில் ரப்பர் மரத்தின் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பாலெடுப்பதையே அங்கே மரம் வெட்டுதல் என்பர். வெட்டிய மரம் வீழ்வதில்லை. ஓரிரு நாள் கழித்து மீண்டும் வெட்டப்படும்; இவ்வாறே 25 அல்லது 30 ஆண்டுகள் நின்று பயன் தரும்.

ஒரே தொடர் ஒரு நிலத்தில் மரத்தின் முடிவையும் மற்றொரு நிலத்தில் அதன் பயன்பாட்டையும் குறிக்கிறது. இதற்குக் காரணத்தைத் தோட்டத் தொழிலின் பொருளியலில் தேட வேண்டும். நெடுங்காலமாக ரப்பர் மரத்தின் விலை அதன் பாலில் மட்டுமே இருந்தது. கட்டை விறகாகக் கருதப்பட்டது. இன்றோ மலேசியாவின் மரத்தளவாட ஏற்றுமதி பெரும்பாலும் அந்த விறகையே நம்பி நிற்கிறது. விறகு எவ்வாறு பலகையாயிற்று, அதனால் யார் என்ன பெற்றனர், இவ்வரலாற்றில் நம் மொழி எங்கே நிற்கிறது என்பனவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

1. வைரம் என்னும் அளவுகோல்

மரத்தின் தரத்தை மதிப்பிடுவதற்குத் தமிழில் தொன்மையான அளவுகோல் ஒன்று உண்டு. தொல்காப்பிய மரபியல், காழ் எனப்படும் உள்வன்மை அகத்தே உடையவற்றை மரம் என்றும், வன்மையைப் புறத்தே உடையவற்றைப் புல் என்றும் வகுக்கிறது. இவ்வகைப்பாட்டின்படி தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லாகின்றன. இன்றைய தாவரவியலும் இவற்றை நெல்லும் கரும்பும் அடங்கிய ஒருவித்திலைத் தாவரங்களோடு சேர்த்தே வைக்கிறது.

காழ் என்பதைப் பிற்காலத்தில் வைரம் என்றனர். வைரம் பாய்ந்த கட்டை என்பது இன்றும் வழக்கில் உள்ள தொடர். மரத்தின் நடுப்பகுதி ஆண்டுகள் செல்லச் செல்லக் கருத்து இறுகும். பூச்சியும் பூஞ்சையும் எளிதில் அணுகா. தேக்கின் மதிப்பு இத்தகைய வைரத்தால் வந்தது. தேக்கு என்னும் சொல்லே தென்னிந்திய மொழிகளிலிருந்து போர்த்துகீசியர் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றதை மாணவர் அறிந்திருப்பர். ஒரு நல்ல மரம் கடல் கடந்து விற்கப்படும்போது அதன் பெயரும் உடன் செல்கிறது.

மலாய்த் தீபகற்பக் காடுகளிலும் வைரம் மிக்க மரங்கள் பல உண்டு. செங்கால், பாலாவ், மெர்பாவ் ஆகியன அவற்றுள் சில. திரெங்கானு மாநிலத்தின் மரபுவழிப் படகுகள் செங்கால் மரத்தால் கட்டப்பட்டவை. ஒரு கன மீட்டர் செங்கால் பலகை ஏறத்தாழ 900 கிலோகிராமுக்கு மேல் எடையுடையது. வணிகத்தில் இதைக் கனவன்மரம் என்னும் வகையில் சேர்ப்பர்.

ரப்பர் மரமோ இதற்கு நேர்மாறானது. உலர்ந்த பலகையின் எடை கன மீட்டருக்கு ஏறத்தாழ 560 முதல் 640 கிலோகிராம். நிறம் வெளிர்மஞ்சள். உள்மரத்துக்கும் வெளிமரத்துக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இல்லை. நம் முன்னோர் சொற்படி நோக்கினால் இது வைரம் பாயாத மரம். அது நெடுங்காலம் விறகாகக் கருதப்பட்டதற்கு இதுவே அடிப்படை.

2. பால்மரத்தின் வருகை

ரப்பர் மரம் இம்மண்ணுக்குரியதன்று. அமேசான் காட்டைச் சேர்ந்தது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனிலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை 3,000க்கும் குறைவு. அவற்றுட் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. மறு ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. அவற்றுட் சில பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன.

1888ஆம் ஆண்டில் அப்பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பாலெடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். பட்டையில் ஒரு சாய்கோடு இட்டு, அதன் ஓரத்தையே ஒவ்வொரு முறையும் மெல்லச் சீவுவது அம்முறை. உள்ளிருக்கும் வளர்படையில் காயம் படாவிட்டால் பட்டை மீண்டும் வளரும். தோட்டத் தமிழில் வெட்டு என்னும் சொல் பெற்ற பொருள் இந்த நுட்பத்தோடு பிணைந்தது. 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். மோட்டார் வண்டித் தொழில் வளர்ந்தபோது ரப்பரின் தேவை பெருகியது. 1920களில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து சென்றது.

இத்தோட்டங்களின் உழைப்பில் பெரும்பங்கு தமிழருடையது. அவர்கள் இம்மரத்துக்கு இட்ட பெயர் பால்மரம். அகிலன் மலேசியத் தோட்ட வாழ்வைப் பற்றி எழுதிய நாவலின் தலைப்பிலும் அச்சொல்லே இடம்பெற்றது. மலாய் மொழியில் மரப்பிசினைக் குறிக்கும் கெத்தா என்பதிலிருந்து கித்தா என்னும் மற்றொரு பெயரும் தோட்டத்தில் வழங்கியது.

இத்தொழிலைச் சுற்றி எழுந்த சொற்றொகுதி செறிவானது. விடியலில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டு, பட்டையைச் சீவும் உளி, பால் வடியும் மங்கு, தோளில் சுமக்கும் காண்டா வாளி, மங்கில் உறைந்த கட்டிப்பால், வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால், மரங்களின் வரிசையான நிரை என்று பாலின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெயர் உண்டு. மங்கும் காண்டாவும் மலாயிலிருந்து வந்தவை. பெரட்டு ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும் தமிழர் தாமே ஆக்கியவை. இத்தொகுதி முழுவதும் பாலைப் பற்றியது என்பதை இங்கே மனத்திற்கொள்ள வேண்டும். இதற்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

3. விறகாக இருந்த காலம்

ரப்பர் மரம் நட்ட ஐந்தாறு ஆண்டுகளில் பால் தரத் தொடங்கும். 25 முதல் 30 ஆண்டுகளில் பட்டை தீர்ந்து பால் குறையும். அப்போது பழைய மரங்களை அகற்றிப் புதியன நட வேண்டும். மலாயாவில் இம்மறுநடவுக்கென 1952ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டு நிதி ஏற்படுத்தப்பட்டது. ஏற்றுமதியாகும் ரப்பர் மீது வரி விதித்து அந்நிதியைத் திரட்டினர். சிறுதோட்டக்காரர்க்கான இப்பணியை 1973 முதல் ரிஸ்டா நிறுவனம் ஏற்றது.

மறுநடவால் ஆண்டுதோறும் பெருந்திரளான மரங்கள் வீழ்ந்தன. ஆனால் அவற்றை வாங்குவோர் சிலரே. ஒரு பகுதி ரப்பர்த் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடங்களுக்கு விறகாயிற்று. செங்கற்சூளைகளும் வாங்கின. 1960களில் பிறையில் எழுந்த மலாயாவாத்தா உருக்காலை, நிலக்கரிக்கு மாற்றாக ரப்பர் மரக்கரியைத் தன் ஊதுலையில் பயன்படுத்தியது. எஞ்சிய மரங்கள் தோட்டத்திலேயே எரிக்கப்பட்டன அல்லது மட்கவிடப்பட்டன. மரத்தை அகற்றுவது தோட்ட முதலாளிக்கு வரவு தரும் செயலாக இல்லை; செலவு வைக்கும் செயலாகவே இருந்தது.

பலகையாக அறுக்காமைக்கு உயிரியற் காரணம் ஒன்று உண்டு. இம்மரத்தின் திசுக்களில் மாவுச்சத்தும் சருக்கரையும் மிகுதி. வீழ்த்திய சில நாள்களுக்குள் பூஞ்சை பற்றி மரம் நீலங்கலந்த கருமையாகக் கறைபடும். துளைக்கும் வண்டுகள் புகுந்து உள்ளே மாவாக்கிவிடும். மேலும், அடிமரத்தில் பல்லாண்டு வெட்டுக்காயங்கள் இருக்கும். நேரான, நீண்ட கட்டைகள் கிடைப்பது அரிது. காட்டில் வைரமரங்கள் எளிதாகக் கிடைத்த காலத்தில் இத்தனை இடர்களை ஏற்க எவரும் முன்வரவில்லை.

4. விறகு பலகையான விதம்

இந்நிலையை மூன்று காரணங்கள் மாற்றின.

முதலாவது, காட்டுமரத்தின் தட்டுப்பாடு. மலேசியக் கூட்டரசு அரசமைப்பின்படி நிலமும் காடும் மாநில அரசுகளின் அதிகாரத்தில் உள்ளவை. உருட்டுமர விற்பனை மாநிலங்களுக்கு உடனடி வருவாய் தந்தது. நிலக் குடியேற்றத் திட்டங்களுக்காகவும் காடுகள் திருத்தப்பட்டன. மரம் அறுக்கப்படாமல் உருட்டாகவே அயல்நாடுகளுக்குச் சென்றபோது, ஆலை வேலையும் அதன் இலாபமும் அங்கேயே சேர்ந்தன. ஆகவே தீபகற்ப மலேசியாவில் 1972 முதல் குறிப்பிட்ட சில மரவகைகளின் உருட்டு ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1985இல் அது முழுமையாகத் தடை செய்யப்பட்டது. சபா, சரவாக் மாநிலங்கள் தமக்கெனத் தனி விதிகளைக் கொண்டவை; அவற்றின் வரலாறு வேறு. தீபகற்பத்தில் ஆலைகள் பெருகின. ஆலைகளுக்கு வேண்டிய காட்டுமரமோ குறைந்துவந்தது.

இரண்டாவது, அறிவியல். கெப்போங்கில் 1929இல் தொடங்கிய வன ஆய்வு நிலையம் 1985இல் மலேசிய வன ஆய்வுக் கழகமாயிற்று. மரப்பாதுகாப்பு ஆய்வில் பல்லாண்டு ஈடுபட்ட நிறுவனம் இது. ரப்பர் மரத்தைக் காப்பதற்கு வழக்கில் வந்த முறையைச் சுருக்கமாகக் கூறலாம். வீழ்த்திய மரத்தை ஓரிரு நாள்களுக்குள் அறுக்க வேண்டும். அறுத்த பலகைகளை இரும்பு உருளைக்குள் அடுக்கிக் காற்றை உறிஞ்சி வெளியேற்றுவர். பின்னர் போராக்சும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை அழுத்தத்தோடு செலுத்துவர். கரைசல் மரத்தின் நுண்துளைகளில் ஊடுருவும். பூச்சிகளுக்கு அது நஞ்சு. அடுத்து, பலகைகளை உலர்சூளையில் ஒன்றிரண்டு வாரம் வைத்து ஈரப்பதத்தை ஏறத்தாழ 10 விழுக்காட்டுக்குக் குறைப்பர். சிறு துண்டுகளின் முனைகளை விரல்கள் கோத்தாற்போல் வெட்டி, பசையிட்டு இணைத்து நீண்ட பலகையாக்குவர்.

வைரம் என்பது மரம் தன் வாழ்நாளில் தானே சேர்த்துக்கொள்ளும் காப்பு. ரப்பர் மரத்துக்கு அக்காப்பை ஆலை சில வாரங்களில் அளிக்கிறது. வெளிர்நிறம் சாயமேற்றுவதற்கு வாய்ப்பானது. மரம் அறுக்கவும் கடையவும் இணக்கமானது. முன்பு குறையாகக் கருதப்பட்ட நிறமின்மை நிறையாயிற்று.

மூன்றாவது, அரசின் தொழிற்கொள்கை. 1986 முதல் 1995 வரைக்கான தொழில்துறைப் பெருந்திட்டத்தில் மரத்தொழில் முதன்மைத் துறைகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. மூலப்பொருளாக விற்பதைவிடத் தளவாடமாக்கி விற்பதே நோக்கம். 1990இல் அறுத்த ரப்பர்ப் பலகையின் ஏற்றுமதி மீது தீர்வை விதிக்கப்பட்டது. ஜொகூர் மாநிலத்தின் மூவார் நகரைச் சுற்றிச் சிறு தச்சுப்பட்டறைகள் பெருந்தொழிற்சாலைகளாயின. இன்று நாட்டின் தளவாட ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அப்பகுதியிலிருந்து செல்வதாகக் கணக்கிடுகின்றனர். மலேசிய மரத்தளவாடங்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு ரப்பர் மரத்தால் ஆனவை. அவற்றை மிகுதியாக வாங்கும் நாடு அமெரிக்கா. அறுத்தபின் எஞ்சும் தூளும் துண்டும் கிளையும் துகட்பலகைக்கும் நார்ப்பலகைக்கும் பயன்படுகின்றன.

5. பெயர் செய்த பணி

மொழி பயில்வோர் உற்றுநோக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. தொடக்கத்தில் ரப்பர் மரம் என்னும் பெயர் வெளிநாட்டு வாங்குநருக்கு நம்பிக்கை ஊட்டவில்லை. ரப்பர் என்றதும் வளையும் பொருளே நினைவுக்கு வரும். ஆதலால் வணிகர் இதை மலேசிய ஓக் என்று விற்றனர். வெள்ளைத் தேக்கு என்றும், பாரா மரம் என்றும் பெயரிட்டோர் உளர். பாரா என்பது பிரேசிலின் ஒரு மாநிலம். ரப்பரின் பழைய ஏற்றுமதித் துறை அங்கு இருந்தது.

உண்மையில் ஓக்கோடும் தேக்கோடும் இம்மரத்துக்கு உறவில்லை. இது ஆமணக்கும் மரவள்ளியும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. ஆமணக்கின் உறவை ஓக் என்று அழைத்தபோது பலகை சிறிதும் மாறவில்லை. வாங்குவோர் தர இசைந்த விலை மாறியது. பிற்காலத்தில் வெப்பமண்டலக் காடழிவு பற்றிய கவலை மேலைநாடுகளில் வளர்ந்தபோது, ரப்பர் மரம் என்னும் பெயரே சிறப்பாயிற்று. காட்டை அழிக்காமல், தோட்டத்தில் பால் தந்து முடித்த மரத்திலிருந்து பெறும் பலகை என்று விளம்பரம் செய்தனர். மறைக்கப்பட்ட பெயரே பின்னர் முன்னிறுத்தப்பட்டது. சொல்லின் மதிப்பும் சந்தையில் ஏறி இறங்குவதற்கு இது நல்ல சான்று.

6. பங்கு யாருக்கு?

இவ்வளர்ச்சி எல்லாருக்கும் ஒரே அளவில் பயன் தந்ததா என்பது அடுத்த வினா.

1980களின் தொடக்கத்தில் மலேசியாவில் ஏறத்தாழ 20 இலட்சம் ஹெக்டர் ரப்பர் இருந்தது. இன்று அது ஏறத்தாழ 11 இலட்சம் ஹெக்டர். இதற்குமாறாகச் செம்பனை 50 இலட்சம் ஹெக்டரைக் கடந்துவிட்டது. ரப்பரைக் கைவிட்ட தோட்டங்கள் மரத்தை ஒருமுறை பெருமளவில் விற்றன. அவ்விற்பனை தளவாடத் தொழிலின் வளர்ச்சிக்கு உரமாயிற்று. ஆனால் மீண்டும் ரப்பர் நடப்படாத நிலத்திலிருந்து 25 ஆண்டுகளுக்குப் பின் மரம் கிடைக்காது. தொழில் தன் மூலதனத்தின் ஒரு பகுதியையே உண்டு வளர்ந்தது எனலாம்.

தட்டுப்பாட்டை எதிர்கொள்ள 2017இல் அறுத்த ரப்பர்ப் பலகையின் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. தடையினால் உள்நாட்டுத் தளவாட ஆலைகளுக்குப் பலகை எட்டும் விலையில் கிடைக்கும். ஆனால் வாங்குவோர் எண்ணிக்கை குறையும்போது விற்போர் பெறும் விலையும் தாழும். இன்று ரப்பர் நிலத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் சிறுதோட்டக்காரர் கையில் உள்ளது. ஆலைக்குக் கிடைக்கும் நன்மையின் ஒரு பகுதியை அவர்களே சுமக்கின்றனர். மரத்தின் விலை தாழ்ந்தால் மீண்டும் ரப்பர் நடும் ஊக்கமும் குன்றும். அதனால் நாளைய பலகையும் குறையும். கொள்கை வகுப்போர் இன்னும் முழுமையாக அவிழ்க்காத முடிச்சு இது. பாலும் பலகையும் ஒருங்கே மிகுதியாகத் தரும் இனங்களை ஆய்வாளர் உருவாக்கியுள்ளனர். ஏறத்தாழ 15 ஆண்டுகளில் வீழ்த்தக்கூடிய அத்தகைய மரங்களை நடுவதற்கு அரசு 2006 முதல் எளிய கடன் வழங்கும் திட்டத்தையும் நடத்திவந்தது. விறகாக இருந்த மரம், பலகைக்கென்றே நடப்படும் மரமாயிற்று.

தோட்டத் தமிழரின் நிலை வேறு. பால்மரத்தை நாள்தோறும் வெட்டியவர்க்கு மரம் சாய்ந்த நாளே வேலை முடிந்த நாள். செம்பனைக்கு ஹெக்டருக்கு வேண்டிய ஆள்கள் குறைவு. தோட்டம் வீடமைப்புக்கோ தொழிற்பேட்டைக்கோ மாறினால் வேலையே இல்லை. லயத்து வீடு வேலையோடு பிணைந்திருந்தமையால் வேலை போனபோது வீடும் போயிற்று. மரம் வீழ்ந்த பின்னர்த் தொடங்கிய அறுவை, உலர்த்தல், தச்சு, ஏற்றுமதி ஆகிய பணிகளில் அவர்களுட் பெரும்பாலோர் இடம்பெறவில்லை.

இதை மொழியும் காட்டுகிறது. பாலுக்கு இத்தனை சொற்களை ஆக்கிய தோட்டத் தமிழில், அதே மரத்தின் பலகைக்கு, அறுவை ஆலைக்கு, உலர்சூளைக்கு நிலைபெற்ற சொற்கள் எழவில்லை. அச்சொற்களை ஆக்கும் திறன் அம்மக்களுக்குக் குறைவு என்று எவரும் கூற இயலாது. ஒட்டுப்பால் என்று பெயரிட்டவர்கள் அவர்கள். மனிதர் தாம் செய்யும் வேலைக்கே சொல் ஆக்குகின்றனர். ஆகவே ஒரு சமூகத்தின் தொழிற்சொற்கள் முடியும் இடத்தை அறிந்தால், அத்தொழிலில் அச்சமூகத்தின் பங்கு முடிந்த இடத்தையும் ஓரளவு அறியலாம்.

7. வகுப்பறைக்குச் சில கருத்துகள்

ஆசிரியரும் மாணவரும் இதிலிருந்து மேற்கொள்ளத்தக்க பணிகள் இரண்டு.

ஒன்று, சொற்களைத் திரட்டுதல். பால்வெட்டுத் தொழிலில் ஈடுபட்டோர் இப்போது முதியோர். அவர்களிடம் மாணவர் நேரிற் சென்று, ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு செயலுக்கும் வழங்கிய சொல்லைக் கேட்டு எழுத வேண்டும். சொல்லோடு அது வழங்கிய தோட்டத்தின் பெயர், ஏறத்தாழ எந்தக் காலம், சொன்னவர் செய்த வேலை ஆகியவற்றையும் குறிப்பது இன்றியமையாதது. ஒரே பொருளுக்குப் பேராக்கில் ஒரு சொல்லும் ஜொகூரில் மற்றொரு சொல்லும் கிடைத்தால் இரண்டையும் எழுதுக. எது சரி என்று திருத்த வேண்டா. மரம் வெட்டுதல் போன்ற தொடர்களை அகராதிப் பொருளோடு மட்டும் படிக்கும் வருங்கால மாணவர், தோட்டத்தைப் பற்றிய சிறுகதையைப் பிறழ உணரக்கூடும். இத்திரட்டு அவர்களுக்கு உதவும்.

மற்றொன்று, பலகைத் தொழிலைத் தமிழில் பேசப் பழகுதல். உலர்சூளை, நீலக்கறை, துகட்பலகை, நார்ப்பலகை, விரல்முனை இணைப்பு முதலிய சொற்களை நாம் இக்கட்டுரையில் பொருள் விளங்குமாறு கையாண்டுள்ளோம். இவற்றினும் நல்லவை கிடைப்பின் மகிழ்ச்சியே. தொழிற்பயிற்சி பெறும் இளையர், தாம் செய்வதைப் பெற்றோரிடமும் தம்பி தங்கையரிடமும் தமிழில் விளக்க இயலுமாயின் அச்சொற்கள் நிலைக்கும். பட்டியலில் மட்டும் இருப்பவை நிலைப்பதில்லை.

தொடக்கமாக ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கிறோம். வகுப்பிலோ வீட்டிலோ உள்ள மேசை, நாற்காலிகளின் அடிப்பகுதியை மாணவர் பார்க்கட்டும். வெளிர்மஞ்சள் நிறம், உள்மர வேறுபாடின்மை, சிறு துண்டுகள் விரல் கோத்தாற்போல் இணைந்த கோடுகள் ஆகிய மூன்றும் காணப்பட்டால் அது ரப்பர்ப் பலகையாக இருத்தல் கூடும். அம்மரத்தை யார் நட்டிருப்பர், யார் வெட்டியிருப்பர், யார் அறுத்து விற்றிருப்பர் என்று வரிசைப்படுத்தி, ஒவ்வொருவர் செய்த வேலைக்கும் உரிய தமிழ்ச்சொல்லை எழுதச் செய்யலாம். எந்த இடத்தில் எழுதுகோல் தயங்குகிறதோ, அவ்விடத்திலிருந்து அடுத்த பாடத்தைத் தொடங்கலாம்.